மனையும் மரமும்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாசாபாத்துக்குச் செல்லும் சாலையில் ஐயம்பேட்டை என்னும் ஊர் இருக்கின்றது. நெசவாளர் மிகுதியாக வாழும் ஊர் அது. விடியற்காலத்தில் அவ்வூர்த் தெருக்களில் நடந்து செல்பவர் கண்ணுக்கு முதலில் தோன்றுவன வீடுகள் அல்ல. தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டப்பெற்ற பட்டுப் பாவே ஆகும். அதன் இருமருங்கிலும் ஆடவரும் பெண்டிரும் குனிந்து நின்று, அறுந்த இழைகளைத் தேடி முடிந்துகொண்டிருப்பார்கள். கதிரவன் மேலே வருமுன் அவ்வேலை முடிந்தாக வேண்டும். வெயில் ஏறினால் இழை உலர்ந்து முறுகும், முறுகினால் அறும். ஆதலின், நெசவாளர் தெருவில் ஒரு வேப்பமரம் நிற்குமானால் அதன் நிழலுக்கு ஒரு விலை உண்டு. அவ்விலையை எந்த அங்காடியிலும் எவரும் குறித்து வைத்ததில்லை.

என் பெரியப்பாவின் வீடு அவ்வூரில்தான் இருக்கின்றது. வீட்டின் முன்புறத்தில், திண்ணையை ஒட்டி, பெரிய வேம்பு ஒன்று நின்றது. கொல்லைப்புறத்தில் ஒற்றைப் பனை ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் நான் அங்குச் சென்றிருந்தபோது, அந்த வேம்பைப் பற்றித் தெருவில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வேரானது சுவரைத் துளைத்துத் தறிக்குழிக்குள் வந்துவிட்டது. முன்சுவரில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. மரத்தை வெட்டிவிட்டுச் சுவரைப் புதுப்பிக்க வேண்டும் என்பது பெரியப்பாவின் எண்ணம். மரத்தை வெட்டினால் நாங்கள் பாவை எங்கே நீட்டுவது என்பது தெருவாரின் கேள்வி. இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. அதனால்தான் பேச்சு நாள்தோறும் வளர்ந்தது.

"நீ சரித்திரம் படித்தவனாயிற்றே, நீயே சொல். என் மனையில் நிற்கிற மரம் என்னுடையதா, தெருவுடையதா?" என்று பெரியப்பா என்னைக் கேட்டார்.

அன்று எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. ஊர் திரும்பிய பின் படித்தேன். படிக்கப் படிக்க, அக்கேள்வி மிகப் பழமையானது என்பது விளங்கிற்று. நான் கண்டவற்றுள் சிலவற்றை மாணவர்களாகிய உங்களுக்கு இங்கே கூற விரும்புகின்றேன்.

ஐயம்பேட்டைக்கு அருகிலேயே, வாலாசாபாத்தை அடுத்து, ஊத்துக்காடு என்னும் சிற்றூர் உள்ளது. இன்று அவ்வழியே செல்பவர் அதனைப் பொருட்படுத்தமாட்டார். ஆனால், பல்லவர் காலத்தில் தொண்டை மண்டலத்துக் கோட்டங்களுள் ஒன்றுக்குப் பெயர் தந்த ஊர் அது. அக்கோட்டம் ஊற்றுக்காட்டுக் கோட்டம் எனப்பட்டது. இரண்டாம் நந்திவர்மனாகிய பல்லவமல்லன் தன் 22-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அக்கோட்டத்தைச் சேர்ந்த கொடுகொள்ளி என்னும் ஊரை ஓர் அந்தணருக்குத் தானமாக வழங்கினான். அத்தானத்தைக் குறிக்கும் செப்பேடுகள், 1879-ஆம் ஆண்டில் தொலைவிலுள்ள காரைக்காலை அடுத்த காசாக்குடியில் கிடைத்தன. காஞ்சியின் அருகிலுள்ள ஓர் ஊரின் ஆவணம் கடற்கரைக்கு எவ்வாறு சென்றதோ! உடைமை ஆவணங்கள் ஊர்விட்டு ஊர் போவது இந்நாளில் மட்டும் நிகழ்வதன்று. பின்னர் ஹுல்ட்சு என்னும் ஜெர்மானிய அறிஞர் அவற்றைப் படித்து, தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் வெளியிட்டார்.

அச்செப்பேட்டைப் படிக்கும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் வியப்படைவான். தானம் பெற்றவர் வேகவதி, செய்யாறு ஆகிய ஆறுகளிலிருந்தும், திரையனேரியிலிருந்தும் கால் வெட்டி நீர் கொண்டுவரலாம் என்று அது கூறுகின்றது. திரையனேரி என்பது இன்று தென்னேரி என வழங்கும் பெரிய ஏரியே. மனையும் மனைத்தோட்டமும் தானம் பெற்றவருக்கு உரியன; சுட்ட ஓட்டால் வீடு கட்டிக்கொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு. அதன் பின்னர், அவ்வூரில் செலுத்த வேண்டாதனவாக விலக்கப்பட்ட இறைகளின் நீண்ட பட்டியல் வருகின்றது. செக்கு, தறி, கிணறு தோண்டுவோர் கூலி, நெய் விலை, துணி விலை, பருத்தி நூல், பனைவெல்லம், குவளை நடுவதற்குரிய இறை எனப் பட்டியல் நீள்கின்றது. அப்பட்டியலிலேயே ஓர் இனம்: கமுகும் தெங்கும் உள்ளிட்ட பலவகை முதிய மரங்களின் அடிமரத்தில் நாலில் ஒரு பங்கு.

இவ்விடத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் வைத்து வளர்த்த தென்னை முதிர்ந்து காய்ப்பு ஓய்ந்து, வெட்டப்படும் நாள் வந்தால், அதன் அடிமரத்தில் நான்கில் ஒரு கூறு அரசனுக்கு உரியதாக இருந்திருக்கின்றது. விலக்கு அளிக்கப்பட்டமையால்தான் அப்படி ஓர் இறை இருந்ததென்பதே நமக்குத் தெரியவருகின்றது. விலக்குப் பெறாத ஊர்களில் அது தொடர்ந்து வாங்கப்பட்டிருக்கும் அன்றோ? இங்கே மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த விலக்கின் பயன் தானம் பெற்றவருக்கு உரியது. மரத்தை நட்டு நீர் ஊற்றியவனுக்கு அந்தக் கால் பங்கு திரும்பி வந்தது என்று செப்பேடு சொல்லவில்லை. தறிக்குரிய இறையும் அவ்வாறே. விட்டுக்கொடுத்தவன் அரசன், பெற்றவர் ஊருடையவர், தறியில் அமர்ந்திருந்தவனுக்கு அந்நாள் மற்றொரு நாளாகவே கழிந்திருக்கும்.

சோழர் காலச் செப்பேடுகள் பலவற்றிலும் இத்தகைய செய்திகள் உண்டு. சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கலாம், கிணறு தோண்டலாம், தென்னந்தோப்பு இடலாம், தென்னையிலும் பனையிலும் கள் இறக்குவோர் ஏறலாகாது என்பன போன்ற செய்திகளை அவற்றில் காணலாம். மாணவர்கள் பலர் இவற்றை அரசனின் கொடைப்பெருமைக்குச் சான்றாகப் படித்துவிட்டுப் போய்விடுவர். சற்றே திருப்பிப் பார்த்தல் வேண்டும். தோப்பு இடுவதற்கு ஓர் அரசன் இசைவு தருகின்றான் என்றால், அவ்விசைவில்லாத சாதாரணக் குடி தன் விருப்பம்போல் தோப்பு இட இயலாது என்பதே பொருள். மேல்மாடமும் கிணறும் அப்படியே. இன்று வீட்டுக்குரியவர் எல்லோரும் இயல்பாகக் கொண்டுள்ள உரிமைகள் அன்று சிலருக்கு மட்டும் வழங்கப்பட்ட சிறப்புகளாக இருந்தன.

பாலாற்றுக்குத் தெற்கே சென்றால் உத்தரமேரூர். அவ்வூர்க் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்தில் கி. பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகளை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். குடவோலை முறையைப் பற்றியே எல்லோரும் பேசுவர். நான் இங்குக் குறிப்பிட விரும்புவன அவற்றிலுள்ள இரண்டு சிறிய செய்திகள். வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர் கால்வேலிக்கு மேல் இறைகட்டும் நிலம் உடையவராய், தம் சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு வாழ்பவராய் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியம் என்ற ஒன்றும் அவ்வூரில் இருந்தது என்பது மற்றொன்று. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி ஏரி வாரியத்துக்கு அறுவர். தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர். தோட்டத்தைக் காக்க ஏரியைக் காப்பவர்களைப்போல் இருமடங்கு மக்கள்!

தோட்ட வாரியத்தார் நாள்தோறும் என்ன செய்தனர் என்பதைக் கல்வெட்டு விரித்துரைக்கவில்லை. ஆயினும், ஊர்த் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ள ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் ஒரு குழு இருந்தது என்பதே பெரிய செய்தி. அங்கே அரசனின் ஆளும் தனி வீட்டுக்காரரும் மட்டும் இல்லை. நடுவே ஊர் இருந்தது. இதைக் கூறும்போது மிகைப்படுத்தலும் கூடாது. அது வேதம் கற்ற அந்தணர் சபை. நிலமும் மனையும் உள்ளவருக்கே அங்கு இடம். நெசவாளருக்கும் உழுகூலியாளருக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. மனையில்லாதவன் குரலும் அச்சபையில் இல்லை.

மனையில்லாதவன் என்று சொன்னேன். பதினெட்டாம் நூற்றாண்டில் அச்சொல்லின் கடுமை வெளிப்படுகின்றது. 1763-இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு சாகீராக அளித்தார். பின்னாளில் அதுவே செங்கற்பட்டு மாவட்டமாயிற்று. அங்கு நிலவரி வாங்கப் புகுந்த ஆங்கிலேயர் ஒரு புதிரைக் கண்டனர். ஊரின் நிலம் யாருடையது? மிராசுதார்கள் தங்களுடையது என்றனர். வயல் மட்டுமன்று, ஊர் மனையும் தோப்பும் ஊரின் பிற வருவாய்களும் தங்கள் காணியாட்சியில் அடங்கியன என்றனர். 1794 முதல் 1798 வரை அங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேசு அவர்களோடு ஓயாமல் மல்லாடினார். சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிசு, அரசாங்கம் மிராசு உரிமை பற்றி விடுத்த பதினேழு வினாக்களுக்கு 1816-இல் விரிவாக விடையெழுதினார். தமிழ் கற்றவர், திருக்குறளில் ஈடுபட்டவர் என்று நாம் போற்றும் அதே எல்லிசுதான். அவர் மிராசு உரிமையைப் பழமையான உடைமை என்றே நிலைநாட்ட முயன்றார்.

அந்த உடைமையின் மறுபக்கத்தை 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் எழுதினார். ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை குறித்து அவர் அரசுக்கு அனுப்பிய குறிப்பு, 1892-ஆம் ஆண்டு அரசாணையின் வழியே பஞ்சமி நிலம் எனப்படும் ஒதுக்கீட்டுக்கு அடிகோலியது. அக்குறிப்பில் அவர் வற்புறுத்தியவற்றுள் ஒன்று குடியிருப்பு மனை. சேரியில் வாழ்ந்த உழைப்பாளியின் குடிசை நின்ற இடமும் அவனுடையதன்று. மிராசுதாரைப் பகைத்துக்கொண்டால் வேலை மட்டும் போகாது, வீடும் போகும். இதை மரத்தோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். நாளைக்கு இங்கே இருப்போமா என்று தெரியாதவன் தென்னங்கன்று வைப்பானா? தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் வேண்டும். மா, பலா என்றால் இன்னும் காத்திருத்தல் வேண்டும். மரம் நடுவதற்கு மண்ணும் நீரும் மட்டும் போதா. பத்தாண்டுக்குப் பின்னும் இம்மண் என் காலடியில் இருக்கும் என்னும் துணிவு வேண்டும். மரத்தின் வரலாறு என்று நான் தேடத் தொடங்கியது மனையின் வரலாறாக மாறியது இந்த இடத்தில்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த இரண்டு சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காணலாம். 1905-ஆம் ஆண்டுச் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம், சாலைகள், ஆறுகள், ஏரிகள், தரிசுகள் என யாவும் அரசின் உடைமை என்று முதலில் அறிவிக்கின்றது. பின்னர்ச் சில விலக்குகளை வைக்கின்றது. அவ்விலக்குகளில் கோயில் மனை ஒன்று. ஒருவருக்கு உரிமையான வீட்டு மனையும் கொல்லைப்புறமும் மற்றொன்று. கொல்லைப்புறம்! முருங்கையும் வாழையும் கறிவேப்பிலையும் நிற்கும் அந்தச் சிறு நிலம், அரசின் பேருடைமைக்கு எதிரே தனக்கென ஒரு சொல்லைச் சட்டத்தில் பெற்றுவிட்டது. கிராம நத்தத்தில் வீடு கட்டி வாழ்பவரின் மனை அரசுக்குரியதன்று என்று பிற்காலத்தில் நீதிமன்றங்கள் கூறுவதற்கு இச்சொற்களே துணை நின்றன.

அடுத்தது 1908-ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட்டு நிலச் சட்டம். சமீன்தாரி ஊர்களில் குடிகளின் நிலத்தில் நின்ற மரம் யாருக்கு என்பது ஓயாத பூசலாக இருந்தது. அச்சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவு அதற்கு இவ்வாறு வழிவகுத்தது. ஏற்கெனவே நிற்கும் மரங்களைக் குடி துய்க்கலாம், வெட்டலாம். ஆனால் பழைய வழக்கமோ எழுதிக்கொடுத்த ஒப்பந்தமோ இருந்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும். சட்டம் வந்த பின்னர் அவன் நட்ட மரமோ தானே முளைத்த மரமோ ஆயின், எந்த வழக்கமும் எந்த ஒப்பந்தமும் அவனைத் தடுக்கமாட்டா. ஒரே வயல், ஒரே வரப்பு, 1908-க்கு முன் முளைத்த புளிக்கு ஒரு நீதி, பின் முளைத்த புளிக்கு வேறு நீதி. சட்டம் மரத்தின் வயதைப் பார்த்தது. பல்லவன் செப்பேட்டில் முதிய மரத்தின் கால் பங்கைக் கேட்டவன் அரசன். இங்கே பழைய மரத்தில் பங்கு கேட்டவன் சமீன்தார். அந்தப் பங்கு இந்தச் சட்டத்தோடு மெல்ல மறையத் தொடங்கியது.

மரமும் மண்ணும் தனித்தனியே உடைமையாக இருப்பதும் நம் நாட்டில் உண்டு. புறம்போக்கில் நிற்கும் புளி முதலிய மரங்களின் பயனை மட்டும் ஒருவர் துய்ப்பதற்கு வருவாய்த் துறையினர் அளிக்கும் பட்டாவை 2-சி பட்டா என்பர். காய் அவருக்கு, நிலம் அரசுக்கு. கிராமத்தில் முதியவர்களைக் கேட்டால் "மரப்பட்டா" என்று சொல்வார்கள். சொத்து மாற்றச் சட்டத்திலோ இன்னும் நுட்பமான ஒரு வேறுபாடு உண்டு. 1882-ஆம் ஆண்டின் அச்சட்டப்படி வேரூன்றிய மரம் அசையாச் சொத்து. ஆனால் வெட்டுமரமாக நிற்பது அசையும் சொத்து. ஒரே மரம் எவ்வாறு இரண்டாகும்? 1958-இல் உச்ச நீதிமன்றத்தில் சாந்தாபாய் என்பவரின் வழக்கில் நீதிபதி விவியன் போசு இதை விளக்கினார். வீடு கட்டுதல் முதலியவற்றுக்கு ஏற்றதாய், விரைவில் வெட்டப்படும் கருத்தோடு நிற்பதே வெட்டுமரம்; நெடுங்காலம் நின்று மண்ணின் சாரத்தை உண்டு பயன் தர விடப்பட்டது மரம். உரியவரின் எண்ணம்தான் மரத்தின் வகையை மாற்றுகின்றது. என் பெரியப்பாவின் வேம்பு, வேர் தறிக்குழிக்குள் தலைகாட்டிய அந்த நாள்வரை மரமாயிருந்தது போலும்!

அண்டை வீட்டாரின் மரக்கிளை நம் முற்றத்துக்கு மேல் நீளுமாயின் என்ன செய்வது என்ற கேள்வி உலகம் முழுவதிலும் உண்டு. பண்டைய உரோமரின் பன்னிரு பலகைச் சட்டத்திலேயே அதற்கு விதி இருந்தது. இங்கிலாந்தில் 1894-இல் பிரபுக்கள் சபை, கிளை தன் எல்லைக்குள் வந்தால், அயலார் நிலத்தில் கால் வைக்காமல் அதனை வெட்டிவிடலாம் என்று லெம்மன் என்பவர் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. கிளையைப் பற்றிய வழக்கு எளிது. நிழலைப் பற்றிய வழக்குத்தான் கடினம். நிழல் எல்லை தாண்டினால் எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. நிழல் போய்விட்டாலும் வழக்குத் தொடுக்க இடமில்லை.

இதுவரை கூறியது, மரம் மெல்ல மெல்ல வீட்டுக்குரியவரின் கைக்கு வந்த கதை. அது முழுமையாக வந்து சேர்ந்த அதே காலத்தில் ஒரு தடையும் உடன் வந்தது. 1948-இல் சமீன்தாரி ஒழிப்புச் சட்டம் வந்தது. தங்கள் காடுகள் கைவிட்டுப் போகப்போவதை உணர்ந்தால், உடையவர்கள் மரங்களை வெட்டி விற்கத்தானே முனைவார்கள்? எனவே அடுத்த ஆண்டே, 1949-இல், தனியார் காடுகளைப் பாதுகாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. உடைமை பறிபோகும் என்ற அச்சமே கோடரிக்குக் கைப்பிடியாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1955-இல் மலைப் பகுதிகளில் மரங்களைக் காக்கும் சட்டம் வந்தது. உதகமண்டலத்திலோ கொடைக்கானலிலோ வீடு வைத்திருப்பவர், தம் தோட்டத்து மரமாயினும், மாவட்டக் கலெக்டரைத் தலைவராகக் கொண்ட குழுவின் இசைவின்றி வெட்டலாகாது. மலைச்சரிவில் வேர் போனால் மண் சரியும். மேல்வீட்டுக்காரரின் உரிமை கீழ்வீட்டுக்காரரின் கூரைமேல் விழும். அதனால் சட்டத்துக்குக் காரணம் கண்கூடு. அச்சட்டம் ஐயம்பேட்டை போன்ற சமவெளி ஊர்களுக்குப் பொருந்தாது.

பிற மாநிலங்களில் சமவெளி நகரங்களுக்கும் இவ்வகைச் சட்டங்கள் வந்தன. மகாராட்டிரம் 1975-இலும், கருநாடகம் 1976-இலும், டெல்லி 1994-இலும் அவற்றை இயற்றின. அங்கே நகரத்தில் வீடு உள்ளவர் தம் மரத்தை வெட்டுமுன் அதற்கென அமைந்த அதிகாரியிடமோ குழுவிடமோ விண்ணப்பிக்க வேண்டும். சில மரவகைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. நம் மாநிலத்தில் சட்டத்தின் நாட்டம் வேறு வகையாக அமைந்தது. 1920-ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம், சாய்ந்து விழக்கூடிய மரத்தை வெட்டுமாறு வீட்டுக்காரருக்கு ஆணையிடும் அதிகாரத்தை நகராட்சிக்குத் தந்தது. அஃதாவது, மரத்தை வெட்டாதே என்பதற்கு மாறாக, வெட்டு என்பதே நகரச் சட்டத்தின் குரலாக இருந்தது.

மரம் முழுவதையும் அன்றிச் சில மரங்களை மட்டும் தனியே பிரித்தெடுத்துக் காப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். 1792-இல் மைசூரில் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார். யார் நிலத்தில் முளைத்தாலும் அது அரசுக்கே உரியது. சந்தனத்தின்மேல் அரசின் பிடி அதன் பின்னர் நெடுங்காலம் நீடித்தது. அதனால் விளைந்தது யாது? தம் கொல்லையில் சந்தனக் கன்று முளைத்தால் அதைக் கண்ட மாத்திரத்தில் கிள்ளியெறிவாரும் இருந்தனர் என்று சொல்வர். தமக்கு ஆகாத ஒன்றைக் காவல் காக்க யார் விரும்புவர்? தமிழ்நாட்டில் 2008-இல் பட்டா நிலத்துச் சந்தன மரங்களுக்கெனத் தனி விதிகள் வந்து, வளர்ப்பவருக்கும் விற்பனைப் பணத்தில் பங்கு உறுதியாக்கப்பட்டது. வெட்டுவது மட்டும் வனத்துறையினரின் வேலையாகவே இருந்தது.

பனையின் கதை இதற்கு நேர்மாறானது. 1978-இல் அது தமிழ்நாட்டின் மாநில மரமாயிற்று. சிறப்புக் கிடைத்ததே தவிரக் காவல் கிடைக்கவில்லை. செங்கற் சூளைகளுக்கு விறகாக ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சட்டமன்றத்தில் முதன்முறையாகத் தனியே அளிக்கப்பட்ட வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட நேர்ந்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது.

இவ்வளவையும் தொகுத்துக்கொண்டு மறுமுறை ஐயம்பேட்டைக்குச் சென்றேன். அதற்குள் பெரியப்பா நில அளவரைக் கொண்டுவந்து மனையை அளந்திருந்தார். அடிமரம் முழுதும் அவருடைய நத்தம் பட்டாவுக்குள்ளேயே இருந்தது. வேரும் கிளையும் தெருவுக்குச் சென்றிருந்தனவே ஒழிய, மரம் அவருடையதே. நான் பல்லவனையும் பராந்தகனையும் சொல்லி, "சட்டப்படி உங்களுடையதுதான், பெரியப்பா, ஆனால் உத்தரமேரூரைப்போல் இங்கே ஒரு தோட்ட வாரியம் இருந்திருந்தால் அவர்களிடம் கேட்டிருப்பீர்கள்" என்றேன். அவர் சற்றுச் சினந்தார். "வாரியத்தார் வந்து என் சுவரைக் கட்டித் தருவார்களா?" என்றார். அதற்கு நான் விடை கூறவில்லை. அக்கேள்வி நியாயமானதுதான். தெருவுக்கு நிழல் வேண்டுமென்றால், வெடித்த சுவரின் செலவில் தெருவுக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும். அப்படி ஓர் ஏற்பாட்டை அத்தெருவில் எவரும் சொல்லவில்லை. நானும் அன்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று பின்னர்த் தோன்றிற்று.

மரம் வெட்டப்பட்டது. இரண்டு நாள் வேலை. எதிர்வீட்டு அம்மையார் ஒருவர் மட்டும் தம் வாயிற்படியில் அமர்ந்து முழுதும் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒன்றும் பேசவில்லையாம். சுவர் புதிதாக எழுந்தது, தறிக்குழி உலர்ந்தது, தறி மீண்டும் ஓடியது. தெருவார் பாவு நீட்டும் நேரத்தை முன்னுக்குத் தள்ளிக்கொண்டனர். முன்பு ஐந்தரைக்குத் தொடங்கியவர்கள் நாலரைக்கு, தெருவிளக்கின் வெளிச்சத்தில் தொடங்கினர். மெல்லிய இழை அறுந்தால் அவ்வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படுவது கடினம். விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரியப்பாவின் பாவுக்கும் அதே கதிதான். சில நாளில் அவர் பாவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குச் செல்வார். அங்கே ஒரு புங்கமரம் நிற்கின்றது. அது யார் மனையில் நிற்கின்றது என்று நான் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு நான் போயிருந்தபோது, அவர் கொல்லையில் ஒரு வேப்பங்கன்று நட்டு முள்வேலி வைத்திருந்தார். சுவரிலிருந்து பதினைந்தடி தள்ளி நட்டிருந்தார். தறிக்கூடம் இருக்கும் திசையே இல்லை. "இது முழுக்க முழுக்க என்னுடையதுதானே? இதற்கும் ஏதாவது செப்பேடு உண்டா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"வேம்பு உங்களுடையதுதான்" என்றேன். பிறகு அதற்கு அப்பால் நின்ற பனையைக் காட்டி, "இதைத் தொட வேண்டுமானால்தான் காஞ்சிபுரத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும்" என்றேன்.

"அதை யார் தொடப்போகிறார்கள்? அது என் தாத்தா காலத்து மரம்" என்றார் பெரியப்பா.